உன் கட்டிலும் என் சட்டை வாலும்

விஸ்கான்ஸின்
டிசம்பர் 2, 1984, ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் ஓர்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை சிக்னேயும் தொழுவத்தில் மாடுகளும் சுகம், உன் கட்டில் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் உட்கார்ந்துகொள். ஜப்பானில் குளிர் எப்படி, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீ சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷை ஒழுங்காகப் படிக்கிறார்களா, அவர்கள் யாராவது நம் ஊர்ப் பேச்சு மாதிரி மூக்கால் பேசினால் அதற்கு நீதான் பொறுப்பு. தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன் என்று எழுதியிருந்தாய், அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே, இங்கே வரும்போது உதவும்.

விஷயம் என்னவென்றால் சிக்னேக்குத் துப்பாக்கி செய்தாகிவிட்டது. போன வருஷம் மான் சீசன் முடிந்து உன் அப்பாவும் பால்மர் பெரியப்பாவும் வடக்கே காட்டுக் குடிலிலிருந்து திரும்பி வந்த அன்றே ஆரம்பித்த பேச்சு. பன்னிரண்டு வயது ஆனால் வேட்டைக்குப் போகலாம் என்பது சட்டம், அடுத்த சீசனில் இவளுக்குப் பன்னிரண்டு, ஆகையால் துப்பாக்கி வேண்டும் என்றார் அப்பா. பெரியப்பா எடுத்த எடுப்பிலேயே தன்னுடைய பழைய தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் துப்பாக்கியைத் தருகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதே துப்பாக்கிதானே உன்னை இந்த வயதில் உதைத்துத் தூக்கிப் பனியில் உட்கார வைத்தது, அதற்கப்புறம் விசையைத் தொட்டாலே நீ கண்ணை இறுக மூடிக்கொண்டாய், மறுவருஷம் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மானைத் தப்பவிட்டு சட்டை வாலை நறுக்கக் கொடுத்தாய். சுட்டுத் தப்பவிட்டவனின் சட்டைப் பின்வாலைக் கத்தரித்து, பேரும் வருஷமும் எழுதிக் குடில் சுவரில் ஆணியடிக்கிற அந்தப் புண்ணிய வழக்கத்தால் எனக்குத்தானே வேலை, வாலில்லாத சட்டைகளுக்கெல்லாம் விளிம்பு தைத்துத் தைத்தே என் மெஷின் தேய்ந்துவிட்டது. நான் பெரியப்பாவிடம் சொன்னேன், "அவ ஒரு தீவன மூட்டை எடைகூட இல்ல, அவ மானைச் சுடணும்னா முதல்ல துப்பாக்கி அவளச் சுடக் கூடாது" என்று. அவர் நான் செய்த ஆப்பிள் பைப் பலகாரத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு, "உதை வாங்காம எவன் வேட்டைக்காரன் ஆனான்?" என்றார். "நான் ஆகலியே, உதையும் வாங்கல, வேட்டைக்கும் போகல, உங்க ரெண்டு பேருக்கும் பொட்டலம் கட்டியே தலை நரைச்சுப் போச்சு" என்றேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை. ஆப்பிள் பை நன்றாக வந்திருக்கிறது என்று இருவரும் சொன்னார்கள்.

ஆனால் உதை பற்றி நான் சொன்னது உன் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. ஜனவரியில் ஒரு நாள் எங்கேயோ போய், கிரீஸ் மெழுகின காகிதத்தில் சுற்றின நீளமான ஒன்றோடு வந்தார். பிரித்தால் சுவீடன் ராணுவம் கழித்துக் கட்டின ரைஃபிள். தோட்டா மெல்லியது, நேராகப் போகும், தோளில் தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் உதைக்கும், குழலை வெட்டிச் சிறிதாக்கி, தோளில் பதிகிற மரக் கட்டையைப் புதிதாகச் செய்துவிட்டால் பிள்ளைக்கு அம்சமாக இருக்கும் என்றார். பெரியப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏண்டா ஹால்வர், நம்ம தாத்தா நார்வேயிலேர்ந்து கப்பலேறி வந்தது சுவீடன்காரன் துப்பாக்கிய வீட்டுக்குள்ள விடறதுக்கா? அது மானச் சுடாதுடா, நார்வேக்காரனாப் பாத்துத்தான் சுடும்." அப்பா அசரவில்லை, இந்தத் தோட்டாவை ரெண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள், ஆக பாதி நம்ம ஆள் என்றார். "அப்போ பாதி தூரம்தான் நேராப் போகும்" என்றார் பெரியப்பா. இந்தக் கூத்து வசந்தம் வரை நடந்தது, நான் நடுவில் காப்பி மட்டும் ஊற்றினேன்.

இப்போது கட்டிலுக்கு வருகிறேன். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம்தான் வேண்டும், நன்றாகக் காய்ந்ததாக, கனமாக இருக்க வேண்டுமாம். உன் கட்டிலை எந்த மகானுபாவன் செய்தானோ, பக்கப் பலகைகள் இரண்டும் கோட்டைச் சுவர் கனத்துக்கு வால்நட். ஒரு நாள் நான் முட்டை கொடுக்கப் போய்விட்டுத் திரும்பினால் உன் மெத்தை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, பலகையைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்துக்குப் பால் பெட்டிகளை முட்டுக் கொடுத்திருக்கிறார் உன் அப்பா. என்னங்க இது, பிள்ளை வந்தால் எங்கே படுப்பான் என்று கேட்டேன். "மூணு வருஷமா யாரு படுத்தாங்க அதுல? பூனைதானே" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பலகையை இரண்டாக அறுத்தார், முதல் துண்டில் விசைக்கான துளையை இடம் மாற்றிக் குடைந்து தொலைத்துவிட்டு அதை எனக்குத் தெரியாமல் அடுப்பில் போட்டார், வால்நட் எரிகிற வாசனை எனக்குத் தெரியாதா என்ன. இரண்டாவது துண்டு தப்பியது. ஆனால் என் உதட்டுச் சாயம் தப்பவில்லை. துப்பாக்கி இரும்பு மரத்தில் எங்கே முட்டுகிறது என்று பார்க்க இரும்பில் ஏதாவது சாயம் தடவி வைத்து எடுப்பார்களாம், சாயம் பட்ட இடத்தை மட்டும் சீவுவார்களாம், அதற்கு சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் நான் போடுகிற அந்த ஒரே சிவப்புச் சாயத்தை அடிவரை வழித்துவிட்டார். கையெல்லாம் சிவப்பு, சட்டைக் காலரிலும் சிவப்பு. அந்தக் கோலத்தோடு பால் லாரிக்காரர் முன்னால் போய் நின்றார், அவர் என்னைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் ஆளி விதை எண்ணெய் தடவித் தடவிக் கட்டையை நிலவறையில் துணி காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டார், உள்ளாடையெல்லாம் எண்ணெய் நாற்றம்.

அளவெடுத்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால் விரல் சரியாக விசையில் வந்து படிய வேண்டும். கோடையில் சட்டையோடு அளந்தால் நவம்பரில் கம்பளிக் கோட்டு போட்டதும் கட்டை நீளமாகிவிடும், ஆகவே கோட்டோடுதான் அளக்க வேண்டும். சிக்னேயின் கோட்டு சிறிதாகிப் போய்விட்டது, என் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அவள் அப்பா வீட்டு வளர்த்தி, நானோ உனக்கே தெரியும், அலமாரியின் மேல்தட்டை எட்டிப் பார்த்ததில்லை. அவள் கையும் என் கையும் ஒரே நீளம் என்று அப்போது நான் பார்த்துவிட்டேன், அப்பா பார்க்கவில்லை, அவர் கண்ணெல்லாம் அளவு நாடாவில். அதற்கப்புறம் அவர் பால் கறக்கப் போகிற நேரமெல்லாம் நான் துணி காயப்போடுகிறேன் என்று நிலவறைக்குப் போய், கொடியிலிருந்து அதை இறக்கித் தோளில் வைத்து, தொங்குகிற காலுறைகளைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. ஒரு நாள் சிக்னே படியில் நின்று பார்த்துவிட்டாள். "அம்மா, அப்பாகிட்ட சொல்லவா?" என்றாள். "சொன்னே, உன் வாலை ஒட்ட நறுக்கிடுவேன்" என்றேன். அக்டோபரில் அவள் சரளைக்கல் பள்ளத்தில் சுட்டுப் பழகினபோது சாண்ட்விச் தூக்கிக்கொண்டு நானும் போனேன், அப்பா இலக்கு அட்டையைப் பார்க்க நடந்து போன பிறகு சுட முடியாதே, ஆகவே அவர் அவசரமாக மரத்துப் பின்னால் ஒதுங்கப் போன நேரம் பார்த்து ஒன்று சுட்டேன். திரும்பி வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, சிக்னே பிரமாதம் என்றார். அவளும் கூச்சமில்லாமல் தலையாட்டினாள்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது, உன்னிடம் சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. சிக்னே பிறந்த வருஷம் அப்பா குடிலில் இருந்தார், அது சீசனின் கடைசி நாள், நவம்பர் இருபத்தாறு. ஆகவே அவர் மனதில் அவள் சீசனில் பிறந்தவள், அவ்வளவுதான் கணக்கு. சீசன்தான் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி வருஷா வருஷம் நகர்கிறதே, பிறந்தநாள் கூடவே நகருமா? இந்த வருஷம் சீசன் இருபத்தைந்தாம் தேதியோடு முடிகிறது என்று தீவன ஆலை காலண்டரில் ஜனவரியிலேயே பார்த்தேன். ஒரே ஒரு நாள் இடிக்கிறது. வாயைத் திறந்திருந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கியை மூட்டை கட்டியிருப்பார், தொழுவத்துக் கதவு எத்தனை வருஷமாக அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதனால் சும்மா இருந்தேன். அதனால் மட்டும்தானா என்று நீ கேட்பாய், கேட்காதே.

சீசனுக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா சிக்னேயைக் கூட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு லைசென்ஸ் வாங்கப் போனார். கடை முழுக்க ஆரஞ்சுக் கோட்டு போட்ட வேட்டைக்காரர்கள். பிறந்த தேதி என்ன என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார், அப்பா பெருமையாக, "சீசன்ல பொறந்த பொண்ணு" என்றிருக்கிறார். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, "ஹால்வர், சட்டப்படி உம் பொண்ணு மான் எல்லாம் வீட்டுக்குப் போன மறுநாள்தான் வேட்டைக்காரி" என்றாராம். கடையே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது அப்பா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, இவ்வளவு செய்துவிட்டு பிள்ளையின் பிறந்தநாளைக் கோட்டைவிட்டோமே என்று நொந்துபோய் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சிக்னே அழவில்லை, தொழுவத்துக்குப் போய்க் கதவை அறைந்தாள், கீல் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன், அவள் திரும்பி வருவதற்குள் அடுப்பில் ஒரு ஆப்பிள் பை கருகிவிட்டது.

வந்தவள் நேராக நிலவறைக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து, குடிலுக்காக நான் அடுக்கி வைத்திருந்த ஆப்பிள் பைகளுக்கு நடுவில் சமையலறை மேஜைமேல் வைத்தாள். "அம்மா போகட்டும். அம்மா கைக்கு இது சரியா இருக்கு. ஆனா நானும் கூட வருவேன், என் துப்பாக்கி என் கண்ணு முன்னாலதான் இருக்கணும்" என்றாள். பெரியப்பா அப்போதுதான் பெட்டி ஏற்ற வந்திருந்தார். குடிலில் இரண்டு பெண்களா என்று அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. முதலில், மாடு யார் கறப்பது என்றார். "பக்கத்துப் பண்ணை ஹெல்மர் கறப்பாரு" என்றேன். "எப்போ கேட்ட?" என்றார் அப்பா. "செப்டம்பர்ல" என்றேன். அப்பா என்னையே பார்த்தார், நான் ஆப்பிள் பையைப் பார்த்தேன். குடிலில் படுக்கை கிடையாதே என்றார் பெரியப்பா, ஓர்லின் படுக்கை காலிதானே என்றாள் சிக்னே. கடைசி ஆயுதமாக ஒன்றை எடுத்தார்: "அதெல்லாம் சரிம்மா, பொம்பளைக்குச் சட்டை வால் ஏது? தப்பவிட்டா எதை நறுக்கறது? குடிலுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கில்ல?" நான் மாடிக்குப் போனேன். உன் அப்பாவின் வெள்ளைச் சட்டை, சர்ச்சுக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும் போடுவாரே அது, அதை என் கம்பளிச் சட்டைமேல் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். பின்வால் முழங்கால் வரை தொங்கியது. ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "போதுமா பெரியவரே, இன்னும் நீளம் வேணுமா?" என்றேன். அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான், அப்புறம் பெரியப்பா பெட்டி ஏற்றப் போய்விட்டார், என் பேருக்கு லைசென்ஸ் போகிற வழியில் வாங்கினோம்.

ஓர்லின், இத்தனை வருஷம் நான் அந்த வாசலில் நின்று உங்கள் வண்டிக்குக் கையசைத்தேன், இந்த வருஷம் வண்டிக்குள்ளே உட்கார்ந்து வாசலுக்குக் கையசைத்தேன், வாசலில் பூனைதான் நின்றது. சனிக்கிழமை விடிந்தபோது நானும் சிக்னேயும் சதுப்பு ஓரத்து அடிமரத்தில் உட்கார்ந்திருந்தோம், மெல்லிய பனி, என் மூக்கு ஒழுகிக்கொண்டேயிருந்தது. எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்தது, கிழடல்ல, ஆனால் மிடுக்கு. அது மூச்சு விடுகிற புகையைப் பார்த்தேன். தோளில் வைத்தேன், கட்டை பழகின மாதிரி கன்னத்தில் பொருந்தியது, சிக்னேயின் கை என் முதுகில் இருந்தது, கண்ணை நான் மூடவேயில்லை, அது மட்டும் சத்தியம். சுட்டேன். அதற்கு இடப்பக்கம் நின்ற செத்த பிர்ச் மரத்தின் பட்டை ஒரு முழம் எகிறி விழுந்தது. சாப்பாட்டு நடுவில் எழுப்பிவிட்ட மாமனார் மாதிரி மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது, ஓடக்கூட இல்லை. சிக்னே, "மரத்துக்குச் சரியாத்தான் குறி பாத்தே, மரம் தப்பிக்கவே முடியல" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், அந்தச் சிரிப்பில் நாலு மைலுக்கு ஒரு மானும் மிஞ்சியிருக்காது. அதே மான் நேராக அப்பாவிடம் போய் நின்றிருக்கிறது, அவர் விடவில்லை. நான் ஓட்டிவிட்ட மான், பாதி எனக்கு என்று சொல்லியிருக்கிறேன், கறியைக் கொத்திச் சாசேஜ் போடக் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் குடிலில் எல்லோரும் கூடினார்கள். பெரியப்பா கத்தரிக்கோலை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார், முதல் தடவைதானே, விட்டுடலாமே என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். "ஒழுங்குன்னா ஒழுங்கு, நறுக்குங்க" என்று திரும்பி நின்றேன். அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் உன் அப்பா அந்தச் சட்டையைச் சரியாகப் பார்த்திருக்கிறார், "ஐயோ, அது என் நல்ல சட்டைடி" என்றார், அதற்குள் ஒட்ட நறுக்கியாயிற்று. நான் சுவர் பக்கம் போனேன். பழுப்புக் கட்டம், நீலக் கோடு, பச்சைக் கம்பளி, அந்தச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு துணியும் எனக்குத் தெரியும், நான் விளிம்பு தைத்த சட்டைகளின் மறுபாதி. சட்டைகள் எல்லாம் என் கையில் வந்தன, வால்களை நான் பார்த்ததேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பெரியப்பா பயந்துபோய், மான் போனால் போகிறது அடுத்த வருஷம் கிடைக்கும் என்றார், மானுக்கா அழுகிறேன் என்று சொல்லி அவருக்குப் புரியவா போகிறது. பேனாவோடு நின்றுகொண்டு, "ஹால்வர் வீட்டம்மான்னு எழுதவா?" என்றார். "வெர்னான்னு எழுதுங்க" என்றேன். எழுதினார். உன் சிவப்புக் கட்டம் போட்ட வாலுக்குப் பக்கத்தில் ஆணியடிக்கச் சொன்னேன். உன் படுக்கையில்தான் தூங்கினேன், அது ஓர்லின் இடம், இரவல்தான் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

போன திங்கட்கிழமை சிக்னேக்குப் பன்னிரண்டு நிறைந்தது. கேக் வெட்டின கையோடு துப்பாக்கியைத் திருப்பிக் கொடு என்று என்னிடம் கைநீட்டினாள், கொடுத்தேன், மனசில்லாமல்தான் கொடுத்தேன். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா என் கோட்டை எடுத்துவந்து, "போட்டுக்கோ, கையை மடக்கு" என்றார். பார்த்தால் அளவு நாடா. இவர் எனக்குக் கல்யாண மோதிரம் வாங்கினபோதுகூட விரலைக் கேட்காமல் கண்ணளவில் வாங்கினவர், இன்றுவரை நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறேன். சிக்னே அளவுதானே, எதற்கு அளக்கிறீர்கள் என்றேன். "அது சிக்னே கை, இது உன் கை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் கையை மடக்கிக்கொண்டு, ஒரு பேச்சும் பேசாமல் நின்றேன், நம்பினால் நம்பு.

ஆகவே உன் கட்டிலின் மறுபக்கப் பலகையும் வேண்டியிருக்கிறது. உன்னிடம் கேட்டு எழுது என்றார், கேட்டுவிட்டேன், பதில் வரும்வரை காத்திருக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேற்றே பால் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், பச்சை மீனைக் கொஞ்சம் குறைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, வரத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகவே காப்பாராக.

மறக்காமல் ஒன்று. ஒரு பலகையில் இரண்டு கட்டை வரும், இந்தத் தடவை ஒன்றையும் கெடுக்க மாட்டேன் என்கிறார் அப்பா. ஒன்று எனக்கு. மற்றது யாருக்கு என்று நான் கேட்டதற்கு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவன் கை நீளத்தைக் கேட்டு எழுது, கோட்டுப் போட்டுகிட்டு அளக்கச் சொல்லு" என்றார். அளந்து எழுது. எழுதுவதைவிட நீயே கையைக் கொண்டுவந்தால் இன்னும் சரியாக இருக்கும். வரும்போது நீளமான சட்டையாகப் பார்த்துக் கொண்டு வா.

இப்படிக்கு
வால் அறுந்த உன் அம்மா
வெர்னா